மீமிசல் பஸ்ஸின் துரு

அடைக்கலம் திருக்கோகர்ணத்துக்காரர். புதுக்கோட்டையில் குழந்தைசாமி என்ற பஸ் முதலாளியின் ஷெட்டில் பெயிண்டராக இருந்தார். கடலோர ஊரான மீமிசலிலிருந்து வரும் பஸ்களின் கூரையில் மீன்கூடைகள் அடுக்கியிருக்கும். அவற்றிலிருந்து வடியும் உப்புத்தண்ணீர் தகட்டை அரித்துவிடும். துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முதலில் சிவப்பு ஈயப் பெயிண்ட், அதன்மேல் பச்சை வண்ணம் என்று பூசுவது அவர் வேலை. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சுரண்டும்போது பழைய பெயிண்ட் தூளாக முகத்தில் கொட்டும். துணியில் துடைத்த கையோடு சோறு தின்பார்.

1957 வாக்கில் வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி வந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அவர் மனைவி ராக்காயி மந்திரித்துக் கயிறு கட்டினாள். வலி போவதும் வருவதுமாக இருந்தது. அடுத்த வருஷம், பஸ்ஸில் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது பிரஷ் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தார். மணிக்கட்டு நிமிரவில்லை. கொஞ்ச நாளில் இன்னொரு கையும் அதேபோல் தொங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் உதட்டை விலக்கி, ஈறில் ஓடிய நீலக்கோட்டைப் பார்த்தார். என்ன வேலை என்று விசாரித்தார்.

"ஈயம் ஒடம்புல ஏறிருச்சு. இனிமே அந்தப் பெயிண்ட் பக்கமே போகக்கூடாது."

கை பழையபடி ஆகுமா என்று ராக்காயி கேட்டதற்கு, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

குழந்தைசாமி இரக்கப்பட்டு ஷெட்டுக்குக் காவல் வேலை கொடுத்தார். கேட் பூட்டைத் திறக்கக்கூட அடைக்கலத்தால் முடியவில்லை, வீட்டோடு இருந்துவிட்டார். ராக்காயி ஷெட்டுக்குப் போய்த் துருச் சுரண்டும் வேலையைக் கேட்டு வாங்கினாள். அவருக்குச் சோறு ஊட்டும்போதுதான் அதைச் சொன்னாள்.

"வேணாம் ராக்காயி. வேற எங்கிட்டாச்சும் பாரு."

"எங்கிட்டுப் போயி பாக்க? மழையில்லாம நடவுக்கே ஆளு கூப்பிடல."

அவர் அடுத்த கவளத்தை வாங்கவில்லை. பிறகு, மூக்கை முந்தானையால் இறுக்கிக் கட்டிக்கொள்ளும்படியும், கையைச் சாம்பல் போட்டுக் கழுவாமல் பிள்ளைகளைத் தொட வேண்டாமென்றும் சொன்னார்.

அவள் அப்படியே செய்தாள். 1960-இல் வயிற்றிலிருந்த பிள்ளை ஆறாம் மாதத்தில் இறந்தே பிறந்தது. ஈயத்தினால்தானா என்று யாரும் சொல்லவில்லை. அடைக்கலம் யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஷெட்டுக்கு நடந்துபோய், அவள் இனி வரமாட்டாள் என்று முதலாளியிடம் சொன்னார். அன்றைக்கே வேறொருவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

ராக்காயி கல்லுடைக்கப் போனாள். அடைக்கலம் இன்னும் நாலைந்து வருஷம் உயிரோடு இருந்தார்.