அரியலூருக்குப் போன சாம்பார்

சாம்பார் அண்டாவின் வாயில் வெள்ளைத் துணி கட்டும்போது அப்பா யாரையும் கிட்டே விடமாட்டார். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எங்கள் முதல் கடை. பிறகு சிறுவாச்சூரில் ஒன்று, அரியலூரில் ஒன்று. இட்லி, தோசையை அந்தந்தக் கடையிலேயே போடலாம். சாம்பார் மட்டும் பெரம்பலூரில் அப்பா கண் முன்னால் கொதித்து வேனில் போகவேண்டும். "கடை மூணு இருக்கலாம், ருசி ஒண்ணுதான்டா" என்பார். சிறுவாச்சூரில் கோயில் திறக்கிற திங்களும் வெள்ளியும் கூடுதலாக ஓர் அண்டா ஏறும். அரியலூர்க் கடையைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். அப்பாவைவிட அவருக்குக் கைமணம் அதிகம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதை வாய்விட்டுச் சொல்லத்தான் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

நான் அரியலூரில் கல்லூரியில் படித்த காலம் அது. பஸ்ஸுக்கு நிற்பானேன் என்று சாம்பார் வேனிலேயே போய்விடுவேன். அன்றைக்கு அப்பாவும் வந்தார். வழியில் சிமெண்ட் லாரி ஒன்று குடைசாய்ந்து கிடக்க, முன்னும் போகமுடியாமல் பின்னும் போகமுடியாமல் மாட்டிக்கொண்டோம். கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. உள்ளே ஒரு மேஜை காலியில்லை. சித்தப்பா தானே அடுப்பு மூட்டிச் சாம்பார் வைத்திருந்தார். "என்னங்க, இன்னிக்கு சாம்பார் ஜோரா இருக்கு! இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்றார் ஒருவர். அது அப்பா காதில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான். நேரே சமையற்கட்டுக்குப் போய் அந்தப் பாத்திரத்தைத் தூக்கிவந்து, சாப்பிடுகிறவர்கள் பார்க்கப் பார்க்க வாசல் சாக்கடையில் கவிழ்த்தார். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. "ஏண்ணே, ஆளுங்க பசியோட காத்துக்கிட்டு இருந்தாங்கண்ணே" என்றார் சித்தப்பா. அடுத்த வாரம் அவர் அரியலூர்க் கடையில் வேறு பெயர்ப்பலகை ஏற்றிவிட்டார். சோறு போடுகிற தொழிலில் இருப்பவர் செய்கிற காரியமா அது? அப்பா மேல் எனக்கு அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை.

இன்று சித்தப்பாவுக்கு ஜெயங்கொண்டம் வரை கடைகள். எங்களுக்குப் பழைய கடை ஒன்றுதான் மிச்சம். அப்பாவும் தளர்ந்துவிட்டார். கண்ணை மூடுவதற்குள் தன் கையால் பரிமாறித் தம்பி ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று ஒரே புலம்பல். என் மகள் கல்யாணத்துக்குச் சித்தப்பாவை நானே நேரில் போய் அழைத்தேன். வந்தார். பந்தியிலும் உட்கார்ந்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நாங்கள் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேளாமல் அப்பா சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு தம்பியின் இலைக்கு முன்னால் போய்க் குனிந்தார். சித்தப்பா சோற்றுக்கு மேல் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"சாம்பார் வேணாண்ணே. ரசம் வரட்டும்."

"ஒரு கரண்டிடா தம்பி. ருசி மட்டும் பாரேன்."

சித்தப்பா நிமிரவில்லை, கையையும் எடுக்கவில்லை. ரசம் வரும்வரை வெறுஞ்சோற்றைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.