ரேம் ஸ்லாட்டில் குங்குமம்

மதிப்பிற்குரிய வாசகர்களே, முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் எழுதிப் பழகியவள் அல்லேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். தங்கள் முன் எழுதத் துணிந்ததற்குக் காரணம் ஒன்றுதான். இது நடந்தது. நம்புவதும் மறுப்பதும் தங்கள் விருப்பம். நான் கண்டதை மட்டும் பணிவுடன் எழுதுகிறேன்.

1996, விஜயதசமி. காந்திபுரத்தில், ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் நான் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. முதலாளி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார். முந்தைய நாள் ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணிக்காய்கள் சாலையெங்கும் சிவப்பாக நசுங்கிக் கிடந்தன. என்னுடன் இருந்தவர் மூத்த டெக்னீஷியன் சஹீர். அந்த வாரச் சனிக்கிழமை அவர் துபாய்க்கு விமானம் ஏற வேண்டும். மூன்று வருடம் முயன்று கிடைத்த வேலை. புதியவளான நான் தனியாகத் திணறக்கூடாதே என்றுதான் அன்று வந்திருந்தார்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். துண்டில் பொதிந்த ஒரு சி.பி.யூ. பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு ஒருவர் படியேறி வந்தார். அங்கப்பன் என்று பெயர் சொன்னார். காரமடையில் எண்ணெய் மில் வைத்திருப்பவராம்.

"ஏனுங்க அம்மணி, இது ஓட மாட்டேங்குதுங்க. ஈரோட்ல ஒருத்தருக்கு வெல பேசிப்போட்டேன். பொழுது சாயறதுக்குள்ள ஓடுமுங்களா?"

"கீழே விழுந்ததுங்களா?" என்று கேட்டேன். பெட்டியின் ஒரு மூலை உள்ளே நசுங்கியிருந்தது.

"ஆமாங்க… மேசைல இருந்து. ஒரே தடவதானுங்க."

ஆனால் நசுங்கல் ஒன்றல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று.

"எதுத்தாப்புல டீக்கடைல இருக்கறனுங்க" என்று அவர் இறங்கிப் போனார்.

சஹீர் பெட்டியைத் திறந்தார். சிரித்துவிட்டார்.

"இதப் பாருங்க அம்மணி! மெஷினுக்குப் பொட்டு வெக்கச் சொன்னா, ரேம் ஸ்லாட்டுக்கே வெச்சுப்போட்டாங்க!"

மெமரி அட்டையான ரேமைச் செருகும் அந்த ஸ்லாட்டின் இடுக்கெல்லாம் சிவப்பு. ஆயுத பூஜை முடிந்தால் இப்படிச் சில பெட்டிகள் வருவது வழக்கம்தான். குங்குமம், சந்தனம், சில நேரம் பொரி கூட. நான் பிரஷ்ஷால் துடைத்தேன். ரேமின் முனைகளை ரப்பரால் தேய்த்தேன். குங்குமம் உதிரவில்லை… இழுபட்டது. ஈரமாக இருந்தது. எண்ணெய் மில் அல்லவா, எண்ணெய் கலந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மானிட்டரை இணைத்து சுவிட்சைப் போட்டோம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர், உயிர் வந்ததும் முதலில் தன் மெமரியைச் சோதித்து எண்ணும். திரையின் மூலையில் எண்கள் ஓடும். சரியாக இருந்தால் ஒரு பீப். கோளாறென்றால் மூன்று பீப். இதிலும் எண்கள் ஓடின. 16384. ஒரு பீப். உடனே மதர்போர்டு செத்தது. விசிறி கூட நின்றுவிட்டது.

சற்றுப் பொறுத்து மீண்டும் போட்டோம். அதே கதை. பவர் சப்ளையை மாற்றினோம். மீண்டும் அதே.

"மெமரிதான் கோளாறு. நம்ம கடை ரேமப் போட்டுப் பாத்தரலாம்" என்றார் சஹீர்.

பழைய ரேமைக் கழற்றினேன். ஸ்லாட்டில் மீண்டும் சிவப்பு. சற்று முன்புதான் நான் துடைத்திருந்தேன்.

"சரியாத் தொடைக்கலீங்களா?"

"துடைச்சேனுங்க…"

அவர் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். தானே துடைத்தார். விரலை முகர்ந்து பார்த்தார். முகம் மாறியது. கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டார். கடையின் நல்ல ரேம் நான்கையும் செருகினார். மொத்தமே பதினாறு எம்.பி., அதாவது எண்ணிக்கை 16384-இல் நிற்க வேண்டும். சுவிட்சைப் போட்டார்.

16384… எண் நிற்கவில்லை.

17408… 20480… இல்லாத மெமரியை அது எண்ணிக்கொண்டே போனது.

அப்போது மின்சாரம் போனது. டியூப்லைட் அணைந்தது. மின்விசிறி நின்றது. எதிர்க்கடை வானொலியும் நின்றது.

எண்கள் நிற்கவில்லை.

சஹீர் பிளக்கையே பிடுங்கினார். வயர் அவர் கையில் தொங்கியது.

எண்கள் ஓடின…

திடீரென்று திரை இருண்டது. கறுத்த கண்ணாடி. சஹீர் அதை நோக்கிக் குனிந்தார்.

அவர் பின்கழுத்தில் நான்கு குழிகள் விழுந்தன. விரல் அழுத்தினால் விழுமே, அப்படி. விரல்கள் இல்லை.

பீப்.

அவர் தலை மதர்போர்டின் மேல் மோதியது. பற்கள் தெறிக்கும் சத்தம் கேட்டது.

"சஹீர்!"

தோளைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. யாரோ எனக்கு எதிராக அழுத்தினார்கள்.

பீப்.

மீண்டும். ரேமைப் பிடிக்கும் தகட்டுக் கொக்கி அவர் கண்ணில்…

ஜன்னலுக்கு ஓடினேன். கத்தினேன். கீழே அங்கப்பன் நிதானமாக டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

பீப்.

பிறகு அமைதி. ஸ்லாட்டிலிருந்து சிவப்பு வழிந்தது.

மக்கள் ஓடி வந்தார்கள். அங்கப்பனைக் காணவில்லை. பாதி டீ பெஞ்சில் இருந்ததாம்.

மறுநாள் மருத்துவமனையில் சஹீர் பேசினார். முகம் முழுவதும் கட்டு. அருகில் அவர் தாயார் ஆமினா பீவி தலை குனிந்து அமர்ந்திருந்தார்.

"பிரவீனா… பின்னால நின்னது அந்தாளு. மானிட்டர் கண்ணாடில பாத்தேன்."

"அவர் டீக்கடையில இருந்தாருங்க. நான் பார்த்தேன்."

"அந்த அங்கப்பன்தான். 'பாலகோபாலு, இனிப் பேசுவயா? பேசுவயா?'ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சான்."

"யாருங்க பாலகோபால்?"

"எனக்கென்ன தெரியும்? என்னத்தான் அப்பிடிக் கூப்பிட்டான்."

பன்னிரண்டு நாள் கழித்து அந்தப் பெட்டியை எடுத்துப்போகக் காரமடைப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். எண்ணெய் மில்லின் பாழுங்கிணற்றில் ஒரு பிணம் கிடைத்திருக்கிறது. மில் கணக்கர். நாங்கள் அந்தப் பெட்டியைத் திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே இறந்தவர். மண்டையில் மூன்று அடி. வலது கண் இல்லை.

"பேர் என்னங்க?"

"பாலகோபால்."

ஏனோ குங்குமத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்ன கண்ணு சொல்றே? அந்தப் பையன் காணாமப்போன நாள்ல இருந்து மில்லு பூட்டிக் கெடக்குது. இந்த வருசம் அங்க ஆயுத பூசையே போடலியே."

அங்கப்பன் இன்றுவரை அகப்படவில்லை. இதற்குமேல் விளக்கம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பொறுத்தருள்க. இழந்தவற்றை மட்டும் எழுதி முடிக்கிறேன்.

ஒரு மதர்போர்டு. கடையின் ரேம் நான்கு. சஹீரின் முன்பற்கள் இரண்டு. அவருடைய வலது கண். அந்தக் கண்ணோடு போன துபாய் வேலை. பாலகோபால், வயது இருபத்தாறு.