ஆளுக்கொரு கேன் கூலண்ட்

என் அக்கா எந்த இயந்திரத்தையும் சும்மா ஓடவிடமாட்டாள். முதலில் அதனிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஜெனரேட்டரின் பொத்தானில் விரலை வைத்தபடி, "ஒரு நிமிஷம், இணைக்கிறேன்" என்பாள். அது இருமி, செருமி, சீராக உறுமத் தொடங்கியதும், "பேசுங்க" என்பாள். பாதியில் நின்றுவிட்டால் மட்டும் பேச்சே இருக்காது. காதில் இல்லாத ஹெட்போனைக் கழற்றி வைப்பதுபோல் கையை ஒரு தரம் கீழே இறக்குவாள். அவ்வளவுதான்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய மருத்துவமனையின் டெலிபோன் சுவிட்ச்போர்டில். லிஃப்டுக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத அறை. அங்கே உட்கார்ந்துகொண்டு பிரசவ வார்டைப் புது அப்பாக்களோடும், சமையலறையைக் கோபக்கார டாக்டர்களோடும், தான் ஒருநாளும் பார்க்காத ஊர்களை ஒன்றோடொன்றும் இணைத்துக்கொண்டிருந்தாள். அத்தானைக் கண்டுபிடித்ததும் அந்த அறையில்தான். லிஃப்டைச் சரிசெய்ய வந்த மெக்கானிக் அதே லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்த அவசர ஃபோனை எடுத்திருக்கிறார். "லைன்ல இருங்க" என்றிருக்கிறாள் அக்கா. "வேற எங்கம்மா போறது?" என்றாராம் அவர். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

அத்தான் ஓய்வு பெற்றதும், ஆயுசு முழுக்க மேலேயும் கீழேயும் போயாகிவிட்டது, இனிமேல் நேராகப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். இருவருமாக ஒரு பழைய மோட்டார்ஹோமை வாங்கினார்கள். வீட்டை மடித்து லாரிக்குள் வைத்ததுபோல ஒரு வண்டி. பின்பக்கம் குறுக்காகக் கட்டில், நடுவில் ஓர் அடுப்பும் தொட்டியும், மடக்கினால் படுக்கையாகிவிடும் சாப்பாட்டு மேஜை. வளைவுகளில் இழுப்பறைகள் தாமாகத் திறந்துகொள்ளும் என்பதால் எல்லாவற்றுக்கும் அக்கா ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். குவளைகள் கொக்கியில் தொங்கி, வண்டி ஓடும்போதெல்லாம் தமக்குள் ஏதோ வம்பு பேசிக்கொண்டிருக்கும்.

அத்தானுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைத்துக்கொள்ளும். படுக்கும்போது மூக்கில் ஒரு மூடியை மாட்டி, அதற்குள் காற்றை ஊதும் சின்ன இயந்திரத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குக் கரண்ட் வண்டியின் பேட்டரியிலிருந்து வருகிறது. கரண்ட் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தினால், அந்தப் பேட்டரிக்குப் பகலில் ஓடும் ஜெனரேட்டர்தான் கதி. நான் வருவதற்கு முந்தின மாதம் ஜெனரேட்டர் திடீரென்று நின்றுபோய், அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார். விஷயம் அவர்கள் மகனுக்கு எட்டிவிட்டது. இன்னொரு தடவை அது நின்றால் வண்டியை விற்றுவிட்டுத் தன் வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்று கறாராகச் சொன்னான். இரண்டு பேரும் தலையாட்டியிருந்தார்கள்.

நான் அப்போது வேலை பார்க்கும் நாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்தேன். அவன் எனக்கு ஃபோன் பண்ணினான். "சித்தி, அவங்க ரெண்டு பேரும் மழுப்புவாங்க. நீங்க கொஞ்ச நாள் கூட இருந்து பாத்துட்டு உள்ளதைச் சொல்லுங்க." நம் மொழியிலும் அந்த நாட்டு மொழியிலும் கவலைப்படப் படித்தவள் நான், என்னைவிடப் பொருத்தமான ஆள் அவனுக்குக் கிடைத்திருக்கமாட்டாள். பெட்டியோடு படியேறியதுமே அத்தான் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். "வாங்க இன்ஸ்பெக்டரம்மா" என்று மேஜையைப் படுக்கையாக மாற்றிக் கொடுத்தார்.

ஓர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினோம். நிழல் இருந்தது, குழாய் இருந்தது, கரண்ட் இல்லை. மறுநாள் காலை அத்தான் பொதுக் குளியலறைக்குத் துண்டோடு போனதும், அக்கா தொட்டிக்கு அடியிலிருந்த சோப்புத்தூள் டப்பாக்களை நகர்த்தி ஒரு கேனை எடுத்தாள். ஆரஞ்சு நிறக் கூலண்ட், எஞ்சின் கொதித்துவிடாமல் காக்கும் திரவம். படிக்குப் பக்கத்தில் இருந்த கதவைத் திறந்து, ஜெனரேட்டரோடு ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் புனல் வைத்துக் கொஞ்சம் ஊற்றினாள். கசிகிறதா என்று கேட்டேன்.

கசிவெல்லாம் ஒன்றும் இல்லையாம், வாரத்துக்குக் கொஞ்சம் குடிக்கிறதாம், இந்த வயதில் யார்தான் குடிக்காமல் இருக்கிறார்கள் என்றாள். உள்ளே இருந்தது பழுப்பாக, ஆறிப்போன டீ மாதிரி தெரிந்தது. அது துரு என்றாள். இந்த ஆரஞ்சை யார் வாங்கச் சொன்னது என்றால், வண்டியின் எஞ்சினுக்கு அதைத்தான் ஊற்றுகிறார்களாம்.

"ஒரே வீட்டுல ரெண்டு சமையலா?" என்றாள். பிறகு மூடியைத் திருகிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "உங்க அத்தான்கிட்ட வாயைத் திறக்காதே. குறையுதுன்னு தெரிஞ்சா அடுத்த நிமிஷமே வித்துடலாம்பார். நான் பயந்துக்குவேனாம். அவருக்கு இந்த வண்டின்னா உசுருடி."

சாயங்காலம் அக்கா துணி துவைக்கக் கூடையோடு போனாள். அத்தான் கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பழைய டூல்ஸ் பையை இழுத்தார். அதற்குள் ஒரு கேன். பச்சை நிறக் கூலண்ட். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து அவர் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாயை விரித்து, ஒருக்களித்துப் படுத்து, அதே கதவைத் திறந்து, அதே பாட்டிலில் ஊற்றினார்.

ஏன் பச்சை, உள்ளே ஏன் பழுப்பு என்று கேட்டேன். வண்டி வாங்கும்போது பாட்டிலில் பச்சைதான் இருந்தது, பழைய சொந்தக்காரர் நல்ல மனுஷர், அவர் ஊற்றியதையே தானும் ஊற்றுவதாக அத்தான் விளக்கினார். பழுப்பு நிறத்துக்கும் அவரிடம் பதில் இருந்தது. தன் தலைமுடியும் ஒரு காலத்தில் வேறு நிறம்தானே என்றார்.

"உங்க அக்காகிட்ட சொல்லிடாதேம்மா. அவ என் மூச்சுக்காக உடனே வண்டியை வித்துடுவா. ஜன்னல் இல்லாத ரூம்ல அவ்வளவு வருஷம் உக்காந்தவ. இப்பதான் காலையில எந்திரிச்சா ஜன்னல்ல விதவிதமா ஊரைப் பாக்கறா."

இப்படியாக, ஒரே நாளில் இரண்டு பேருக்கும் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு நடுவில் நின்றேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது, ஜெனரேட்டரை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்று பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அது பாட்டுக்கு ஓடும் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். மேஜைக்கு அடியில் என் காலில் இரண்டு பக்கமிருந்தும் உதை விழுந்தது.

அடுத்த நாள் நடுப்பகலில் அது நின்றது. ஒரு விளக்கு சிவப்பாக மின்னியது, உறுமல் அறுந்தது, கதவிடுக்கிலிருந்து சூடான, இனிப்பான ஒரு நெடி வந்தது. அக்காவின் கை காதருகே போய்க் கீழே இறங்கியது. அத்தான் தொப்பியைக் கழற்றினார். அக்கா உள்ளே போய், ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணிகளைப் பிரித்து மறுபடியும் மடிக்கத் தொடங்கினாள். கொக்கியில் குவளைகள்கூட அசையாமல் இருந்தன.

அத்தான் படியில் உட்கார்ந்தார். "பையன்கிட்ட நீ சொல்ல வேண்டாம்மா. பேச்சுன்னா பேச்சு. நானே சொல்லிக்கறேன்" என்றார்.

முதலில் மெக்கானிக் பார்க்கட்டும் என்று நான் அவசரமாகச் சொன்னேன். ஏரிக்கரைச் சாலை முனையில் ஒரு பழுது பார்க்கும் கொட்டகை இருந்தது. அங்கிருந்த மெக்கானிக் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார். வந்தவர் எதையும் தொடவில்லை. ஜெனரேட்டர் ஆறட்டும் என்று சொல்லிவிட்டு, எங்கள் நாற்காலியில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டார். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிப்பது மூஞ்சியில் அடிக்குமாம். அக்கா தன் மணிக்கட்டிலிருந்த பழைய தழும்பைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

ஆறிய பிறகு மூடியைத் திறந்து ஒரு கம்பியை உள்ளே விட்டு எடுத்தார். நுனியில் பழுப்புக் கூழ் ஒட்டிக்கொண்டு வந்தது.

"இதுக்குள்ள யாரு, என்ன ஊத்தினது?"

அக்கா அத்தானைப் பார்க்கவில்லை. அத்தான் அக்காவைப் பார்க்கவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏரியைப் பார்த்தேன்.

"ஆரஞ்சு" என்றாள் அக்கா.

"பச்சை" என்றார் அத்தான், அதே நொடியில்.

மெக்கானிக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தான் மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார்.

"கையைச் சுட்டுக்கிட்டப்ப இனிமே அதைத் தொடமாட்டேன்னு சொன்னியா இல்லியா?"

"தொடலை. புனல் வெச்சு ஊத்தினேன். உங்களை டாக்டர் குனியாதீங்கன்னாரா இல்லியா?"

"குனியலை. படுத்துக்கிட்டு ஊத்தினேன்."

மெக்கானிக் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெனரேட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டார். அங்கிருந்தபடியே நடந்ததைச் சொன்னார். ஒரு ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்து கூலண்ட் ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஒருத்தர் மட்டும் ஊற்றியிருந்தால், இவ்வளவு குறைகிறதே என்று எப்போதோ பயந்துபோய் ஆளைக் கூப்பிட்டிருப்பார். ஆளுக்குப் பாதி ஊற்றியதில் ஆளுக்குப் பாதிப் பயம்தான் வந்திருக்கிறது. போதாததற்கு ஒன்றோடொன்று சேராத இரண்டு வகைக் கூலண்டும் உள்ளே சண்டை போட்டுக் கூழாகி, குளிர்ச்சி போக வேண்டிய வழியை அடைத்துவிட்டன. எஞ்சின் கருகிப்போவதற்குள் ஜெனரேட்டர் தானாக நின்றது புண்ணியம்.

சரி, எந்த நிறம்தான் சரி என்று அத்தான் கேட்டார். கேட்ட விதத்தில் பச்சைக்கு ஒரு சிபாரிசு இருந்தது.

நிறத்தை நம்பவே கூடாது என்றார் மெக்கானிக். அது வெறும் சாயம். ஒவ்வொரு கம்பெனியும் இஷ்டத்துக்கு ஒன்றைக் கலக்கும். எந்த வகை என்று ஜெனரேட்டர் செய்தவன் எழுதியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். தனக்கும் எல்லாம் மனப்பாடம் இல்லை என்று சொல்லி, அத்தானின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, கதவின் உள்பக்கத் தகட்டைப் படித்தார். தகட்டில் பாதி அழிந்திருந்தது. மீதியை நான் ஜெனரேட்டரோடு வந்த கையேட்டில் தேடிக் கண்டுபிடித்தேன். அவரோடு கடைக்குப் போய், கேனின் பின்பக்கம் அதே வகை அச்சாகியிருக்கிறதா என்று படித்து, மறுபடி படித்து, கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கும்வரை படித்து வாங்கி வந்தேன். தண்ணீர் சேர்க்க வேண்டாத, ஏற்கெனவே சரியான அளவில் கலந்த கூலண்ட்.

அது மஞ்சளாக இருந்தது. இருவர் முகத்திலும் பெரிய நிம்மதி. யாரும் ஜெயிக்கவில்லை.

அன்று ராத்திரி மெக்கானிக் தன் கொட்டகையிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கொடுத்தார்; அத்தானின் மூச்சுக்குக் குறை வரவில்லை. மறுநாள் கூழையெல்லாம் வடித்து, டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி ஊற்றி, தெளிவாக வரும்வரை அலசினார். புதுக் குழாய், புதுக் கிளிப். பிறகு மஞ்சளை ரேடியேட்டரில் மெதுவாக ஊற்றினார், உள்ளே இருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறியது. கொஞ்ச நேரம் ஓட்டி, ஆறவிட்டு, குறைந்ததை நிரப்பினார். பாட்டிலைக் கழுவி, அதில் மட்டும் இரண்டு அளவுக் கோடுகளுக்கு நடுவே கூலண்டை நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் ஊற்றலாமே என்று இருவரும் கேட்டார்கள்.

"வேண்டாம். சூடானா அது பெருகும், அதுக்கு இடம் வேணும். இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு பாருங்க. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் பாக்கறதுன்னா என்னை வந்து பாருங்க" என்றார்.

மத்தியானம் மகன் ஃபோன் பண்ணினான். அத்தான் கையை நீட்டினார். ஆனால் அவன் பேசக் கேட்டது என்னிடம். நான் உள்ளதைச் சொன்னேன். நின்றது, ஏன் நின்றது, யார் என்ன ஊற்றினார்கள், எதை மாற்றினார்கள், எல்லாம். அவன், "அப்ப பேசினபடி வண்டியை..." என்று ஆரம்பித்தான்.

அக்கா என் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள். அவள் குரல் மாறியிருந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு அந்த ஜன்னலில்லாத அறையின் குரலைக் கேட்டேன்.

"லைன்ல இரு. இணைக்கிறேன்."

பொத்தானை அழுத்தினாள். ஜெனரேட்டர் இருமியது, செருமியது, உறுமியது. ஒரு துண்டை மடித்துக் கதவோரம் வைத்து, அதன்மேல் ஃபோனைச் சாய்த்தாள். "பேசுங்க" என்றாள் ஜெனரேட்டரிடம்.

நாங்கள் மூவரும் படியில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் ஓடியதும் அது வழக்கமாகத் தடுமாறுமாம்; அந்த நேரம் வந்தது. அக்காவின் கை காதுப் பக்கம் போய் அங்கேயே நின்றது. அந்த நேரம் தாண்டியது. டீ போட்டோம், குடித்தோம். அது பேசிக்கொண்டே இருந்தது. எங்கள் பையன் எந்த ஃபோனையும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறவன். கட் பண்ணாமல் கேட்டுக்கொண்டே இருந்தான்.

வெகுநேரம் கழித்து ஃபோனுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு குரல் வந்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"சித்தி, இன்னும் ஓடுதா?"

"ஓடுது."

"அப்பா என்ன பண்றார்?"

"பாட்டிலைப் பாத்துக்கிட்டிருக்கார். குனிஞ்சிடாம இருக்க உங்கம்மா அவர் சட்டையைப் பின்னால பிடிச்சுக்கிட்டிருக்கா."

பிறகு கேட்டான். "சரி. அடுத்தது எங்க போறாங்களாம்?"

நான் திரும்பி அக்காவிடம் கேட்டேன். அவள் அத்தானின் சட்டையை விடாமலே பதில் சொன்னாள்.

"நாளைக்குச் சொல்றேன்னு சொல்லு. இப்ப லைனை விடச் சொல்லு, ராத்திரி அத்தான் மூச்சுக்குப் பேட்டரி ஏறணும்."