கிட்டங்கி மிக்கேலின் இடுப்பளவு

தையற்கடைக்குள் நுழைந்ததும் பொய் சொல்ல ஆரம்பிக்கிற உறுப்பு வயிறுதான். தொப்பையுள்ள வாசகர்களே, நீங்களும் நானும் ஒரே கட்சி. ஆகவே மனம்விட்டுச் சொல்கிறேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம், தூத்துக்குடியில் ஒற்றை மெஷினோடு கடை வைத்திருந்தேன்.

மூச்சுப் பிடித்தல்

டேப் இடுப்பைத் தொட்டதும் எந்த ஆணும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வான். அந்த அளவுக்குத் தைத்தால் பித்தான் தெறிக்கும், பழி நம்மேல். அதனால் அளக்கும்போது ஏதாவது விலை கேட்பேன். பதில் சொல்ல மூச்சை விட்டுத்தானே ஆக வேண்டும்!

ஆத்தூர் வெற்றிலை வியாபாரி ஒருவர் மட்டும் கடைசிவரை வாயைத் திறக்காமல் விரலாலேயே விலை காட்டினார். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "உம்ம தந்திரம் தெரியும்வே. அதான் வாய் நிறைய வெத்தலையோட வந்தேன்."

அளவுச் சட்டை

மிக்கேல் துறைமுகத்தில் அரிசி மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் காவல்காரன். அரிசியும் துணியும் ரேஷனில் கிடைத்த காலம். ரேஷன் துணியோடு, மூன்று வருஷத்துக்கு முன் நான் தைத்த கல்யாணச் சட்டையை அளவுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அப்படியே தைத்தேன். போட்டுப் பார்த்தால் வயிற்றில் இரண்டு பித்தான் சேரவில்லை.

கடை நிறைய ஆள். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "கிட்டங்கி அரிசி எங்க போகுதுன்னு இப்பத்தான தெரியுது!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மிக்கேல் சிரிக்கவில்லை. "ராத்திரிக்கு நான் கஞ்சிதான் குடிக்கேன் அண்ணாச்சி."

நோட்டு சொன்னது

நாலே நாளில் என் பேச்சு கிட்டங்கிக்குப் போய்விட்டது. அங்குள்ள மேஸ்திரி அவனை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். அவன் மனைவி ரோசம்மாள் கடை வாசலில் நின்று அழுதபோது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

என் அளவு நோட்டில் அவனுடைய கல்யாண அளவைத் தேடி எடுத்தேன். அவனை வரவழைத்து மறுபடி அளந்தேன். இடுப்பு நாலு அங்குலம் கூடியிருந்தது; தோளும் கைச்சுற்றும் குறைந்திருந்தன. தின்று பெருத்த உடம்பில் கை இளைக்குமா? எதிர் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் துருவிக் கேட்டார். கல்யாணமான மறுவருஷம் பொன்னுக்கு வீங்கி வந்து, விரையும் வீங்கி, ஒரு மாதம் படுத்திருக்கிறான். அதிலிருந்து சவரம்கூட வாரம் ஒருமுறைதான். "ஆம்பிளை உடம்புல ஊறுற ஹார்மோன் ஒண்ணு குறைஞ்சிட்டுது. குறைஞ்சா சதை கரையும், கொழுப்பு வயித்துல சேரும். சோத்துமேல பழி போடாதீங்க" என்று சொல்லி, அதையே சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டைக் காட்டினால் வேலை கிடைத்துவிடும் என்று நான் துள்ளினேன். வெளியே வந்ததும் மிக்கேல் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் கள்ளனாவே இருந்துட்டுப் போறேன் அண்ணாச்சி. இதை மட்டும் அங்கன சொல்லிராதீங்க."

மேஸ்திரிக்கு அளவு

சீட்டை அவனிடமே கொடுத்துவிட்டு, நோட்டோடும் டேப்போடும் கிட்டங்கிக்குப் போனேன். அன்று நான் சொன்னது வெறும் வாய்க்கொழுப்பு என்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டேன். அவனுடைய இரண்டு அளவுகளையும் வாசித்துக் காட்டினேன். மேஸ்திரி அசையவில்லை.

"சாப்பிட்டுப் பெருத்த உடம்பு எப்படியிருக்கும்னு காட்டுதேன்" என்று அவர் கையைச் சுற்றியே டேப்பைப் போட்டேன். பிறகு தோள், கழுத்து. மூட்டை தூக்குகிறவர்கள் சூழ்ந்துகொண்டு ஒவ்வோர் அளவையும் உரக்கச் சொன்னார்கள். எல்லாமே தாராளம்; மிக்கேலுக்கு இளைத்திருந்த கையும் தோளும்கூட. டேப் இடுப்புக்கு இறங்கியதும் மேஸ்திரி மூச்சைப் பிடித்தார்; சிரிப்பு கிளம்பவும் விட்டுவிட்டார். "போதும்வே, டேப்பை எடும். நாளைக்கு அவனை வரச் சொல்லும்."

கிறிஸ்மஸ் சட்டை

டாக்டர் மதராசிலிருந்து ஊசி தருவித்து ஆறு மாதம் போட்டார். கிறிஸ்மஸுக்குத் துணியோடு வந்த மிக்கேல், இம்முறை அளவுச் சட்டை கொண்டுவரவில்லை. தோள் அரை அங்குலம் ஏறியிருந்தது. இடுப்புக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் வெற்றிலை விலை கேட்டேன். "நான் மூச்சைப் பிடிக்கல அண்ணாச்சி. உள்ளதை எழுதுங்க."

ஊரார் வயிற்றையெல்லாம் அங்குலம் பிசகாமல் எழுதி வைத்த நான், என் நாக்கின் நீளத்தை மட்டும் அந்த நோட்டில் எழுதாமல் விட்டிருக்கிறேன்.