பெயர் போடாத விண்ணப்பம்

எங்கள் சபையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிற்பகல் மூன்று மணிக்குப் பெண்களின் உபவாச ஜெபம் நடக்கும். நான் அதன் செயலாளர். பெரிய பதவி என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுத்து வடிவாக இருந்ததாலும் பாடுவதற்குக் குரல் இல்லாததாலும் என் தலையில் கட்டப்பட்ட வேலை அது. ஆலய வாசலில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதில் ஆட்கள் போடும் விண்ணப்பத் துண்டுகளை வியாழக்கிழமை எடுத்து, கொப்பியில் எழுதி, மறுநாள் வாசிக்க வேண்டும். வாசித்ததும் எல்லோரும் முழங்காலில் நின்று அந்த ஆளுக்காக மன்றாடுவார்கள்.

கொப்பியில் பெயர் எழுதுவதில்லை. அந்த வழக்கம் பக்தியால் வந்ததல்ல, பயத்தால் வந்தது. முன்பெல்லாம் பெயர், தெரு, தகப்பன் பெயர் என்று விளக்கமாகத்தான் எழுதினோம். பிறகு திருகோணமலையில் சந்திக்குச் சந்தி ஆமியின் காவலரண் வந்தது. நாங்கள் அதைச் சென்றி என்போம். கைப்பையைத் திறந்து காட்டாமல் சந்தைக்கும் போக முடியாது. "காணாமல் போன மகன்" என்று பெயரோடு எழுதிய கொப்பி ஆமிக்காரன் கையில் அகப்பட்டால் அந்தத் தாயின் கதி என்ன என்று போதகரம்மா ஒருநாள் கேட்டார். அன்றைக்கே பழைய கொப்பி அடுப்புக்குள் போனது. அதன்பின் எல்லோரும் "ஒரு சகோதரன்", "ஒரு சகோதரி". ஆள் யாரென்று ஆண்டவருக்குத் தெரியும், ஆமிக்குத் தெரியத் தேவையில்லை.

என் கணவர் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துபவர். கெட்டிக்காரர். குடிப்பார். குடித்தால் கோபம் வரும், கோபம் வந்தால் குடிப்பார். எது முந்தியது என்று பன்னிரண்டு வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே வீட்டில் பறக்கிற கோப்பைக்கும் தட்டுக்கும் விலகி நிற்க வேண்டியவள் நான் ஒருத்திதான். இரண்டு முறை கையும் நீட்டினார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஊரார் துயரங்களை எழுதுகிறவளுக்குத் தன் துயரத்தை எழுத வெட்கமாக இருந்தது.

ஆனால் நான் அதிகம் பயந்தது அவர் கைக்கு அல்ல, வாய்க்கு. துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு வர இரண்டு சென்றி தாண்ட வேண்டும். தமிழில் ஏசினாலாவது அவர்களுக்கு விளங்காமல் போகும். இவருக்குச் சிங்களத் தூசணம் தண்ணீர்பட்ட பாடு, வேலைத்தலத்தில் பழகியது. ஒருநாள் இரண்டாவது சென்றியில் சாப்பாட்டுக் கரியரைத் திறக்கச் சொன்னார்களாம். இவர் ஏசிக்கொண்டே அதைச் சிப்பாயின் சப்பாத்தடியில் எறிந்திருக்கிறார். பின்னால் சைக்கிளில் வந்த பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கரையில் நின்று எனக்குச் சொன்னார்.

"அவன் துவக்கைத் தூக்கி நெஞ்சுக்கு நேரே நீட்டிப்போட்டான், பிள்ளை. பிறகு என்ன நினைச்சானோ, இறக்கிப்போட்டான்."

அதைவிடச் சின்னக் காரணங்களுக்கு எங்கள் தெருவில் ஆட்கள் வீடு திரும்பாமல் போயிருக்கிறார்கள்.

அந்த வியாழன் நானே ஒரு துண்டு எழுதினேன். என் எழுத்து சபைக்கெல்லாம் தெரியும் என்பதால் எழுத்துகளை இடப்பக்கம் சரித்து எழுதினேன். "ஒரு சகோதரன். குடி, கோபம். சென்றியில் வாய் திறக்காமல் வீடு வந்து சேர வேண்டும்." நானே பெட்டியில் போட்டு, நானே எடுத்து, கொப்பியில் ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் நாலு பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் அது தன் வீட்டுக்காரருக்காக யாரோ இரக்கப்பட்டு எழுதியது என்று நினைத்துவிட்டாள். கதை ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆண்களிடமும் போய்விட்டது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் முற்றத்தில் மூன்று பேர் தங்கள் மனைவிமாரை ஓரமாகக் கூட்டிப்போய், "என்னைப் பற்றி ஆர் எழுதினது?" என்று விசாரித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் நேரே போதகரிடமே போய், "ஐயா, நான் சென்றியிலை வாயே திறக்கிறேல்லை" என்று முறையிட்டார். அந்த மனிதர் வெட்கத்தில் மூன்று மாதம் குடியைத் தொடவில்லை. என் ஜெபம் விலாசம் தவறிப் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த தபாலாயிற்று.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அந்த முற்றத்தில் குறுகுறுக்காத நெஞ்சு ஒன்றுதான், என் கணவருடையது. வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"பாவம் அந்த மனிசி, ஆர் எண்டாலும். அப்பிடி ஒருத்தனோட எப்பிடித்தான் சீவிக்கிறாவோ."

பரிகாசம் இல்லை, உண்மையாகவே இரங்கினார். எவ்வளவு குடித்தாலும் ஏழு மணிக் குடும்ப ஜெபத்தை அவர் விடுவதில்லை. அது அவருடைய தகப்பன் பழக்கிவிட்ட பழக்கம். அன்றைக்கும் கசிப்புச் சாராயம் மணக்க மணக்கக் கண்ணை மூடி, "ஆண்டவரே, அந்தச் சகோதரனைக் கண்ணோக்கிப் பாரும்" என்று மன்றாடினார். எனக்கு வந்தது சிரிப்பு அல்ல, ஆத்திரம்.

அதன்பின் வெள்ளிக்கிழமை தோறும் விசாரிப்பார்.

"அந்தச் சகோதரன் எப்பிடியாம்? ஏதும் மாற்றம் இருக்கோ?"

"இன்னும் அப்பிடியேதானாம்."

"விடக்கூடாது. நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்கவேணும்."

இப்படி ஏழு வாரமோ எட்டு வாரமோ போனது. கொப்பியில் அந்த வரியை ஒவ்வொரு வாரமும் புதிதாக எழுதினேன். அவர் ஒவ்வொரு மாலையும் வீடு வந்து சேர்ந்தார். சைக்கிள் வேலிப் படலையில் முட்டும் சத்தம் கேட்கும்வரை நான் குசினிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

ஒருநாள் பாரைமீன் கறியில் உப்புக் கூடிவிட்டது. சட்டியோடு தூக்கி முற்றத்தில் எறிந்தார், பின்னால் சோறும் போனது. எங்கள் ஊரில் மான்கள் ஆடுமாடு போலத் தெருவில் திரியும், அப்படி ஒன்று உள்ளே வந்து சோற்றைத் தின்றது. அரை மணி கழித்து ஏழு மணி அடிக்க, இவர் முகம் கழுவிக்கொண்டு வந்து ஜெபத்துக்கு இருந்தார். சங்கீதம் வாசித்தார். பிறகு, "ஆண்டவரே, அந்தச் சகோதரன் இந்த நேரம் என்ன செய்யிறானோ" என்று தொடங்கினார்.

நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

"அவர் இப்பதான் கறிச்சட்டியை எறிஞ்சுபோட்டு வந்து, எனக்குப் பக்கத்திலை இருந்து செபம் பண்ணுறார்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. நான் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, கதவு எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டேன். மூடிய கண்ணோடேயே கேட்டார்.

"அந்தத் துண்டு நீரோ எழுதினது?"

"ஓம்."

"சென்றியை ஏன் எழுதினனீர்?"

"நீங்கள் உயிரோட வரவேணும் எண்டுதான். மற்றதுகளை நான் தாங்கிக்கொள்ளுவன்."

ஆமென் சொல்லாமல் எழுந்து போனார். லாம்பை எடுத்துக்கொண்டு முற்றத்தில் குந்தி, உடைந்த சட்டியின் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

அதோடு அவர் பரிசுத்தவான் ஆகிவிட்டார் என்று சாட்சி சொல்ல எனக்கு ஏலாது. விட்டார், திரும்பக் குடித்தார், மறுபடி விட்டார். முழுதாக விடப் பல வருஷம் பிடித்தது. ஆனால் சென்றிக் கதை அன்றோடு முடிந்தது. "இப்ப தானே இறங்கி, தானே கரியரைத் திறந்து காட்டுறார். உதடு மட்டும் அசையுது" என்று பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொன்னார். உதட்டில் இருந்தது தூசணமா ஜெபமா என்று நான் அவரைக் கேட்கவில்லை. சத்தம் வெளியே வராதவரை எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

சட்டி உடைந்த அடுத்த வியாழன் வழக்கம்போல் பெட்டியைத் திறந்தேன். ஐந்து துண்டுகள். நாலாவதில் எஞ்சின் எண்ணெய் பட்ட விரலடையாளம் இருந்தது. கையெழுத்தை மாற்ற அவர் முயலவே இல்லை.

"ஒரு சகோதரி. பன்னிரண்டு வருஷமாகப் புருஷனுக்குப் பயந்து சீவிக்கிறா. தாங்கிக்கொள்ளுவன் என்று சொல்லுறா. இனித் தாங்கத் தேவையில்லாமல் போகவேணும்."

கொப்பியில் ஏற்றாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஏற்றினேன். வெள்ளிக்கிழமை என் குரலிலேயே வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அந்த நாலு பேர் மட்டுமல்ல, இதுவரை அழாதவர்களும் அழுதுகொண்டிருந்தார்கள். எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். வாசித்தவரே முதல் ஜெபத்தைத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் முறை. மற்றவர்களுக்காகப் பல வருஷம் கேட்டுப் பழகிய வாய்தானே என்று, "ஆண்டவரே, அந்தச் சகோதரியை" என்று தொடங்கினேன். அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. போதகரம்மா பக்கத்தில் வந்து முழங்கால் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்லி முடித்தார். அது யார் என்று அவர் கேட்கவில்லை.