மழைக்கு அசையாத திருஷ்டி பொம்மை

மற்றவர்கள் வேலையில் குறை கண்டுபிடிப்பதற்காகத்தான் ஹம்சாவுக்குச் சம்பளம். அமெரிக்காவில் பார்சிப்பனி என்ற ஊரில், ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதிய ப்ரோகிராமை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று காலையில் யோசிப்பார். மாலைக்குள் உடைத்தும் விடுவார். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. கணவர் சபரி வைக்கும் ரசத்தில்கூட ஒரு பிழை அகப்படும். அப்பேர்ப்பட்டவர் போன வருடம் தன் கையால் செய்த ஒன்றை மட்டும் சோதிக்காமல் வாசலில் நிறுத்தி, தெருவே பார்க்க மானத்தைப் பறிகொடுத்தார்.

அவர்கள் தெருவில் அக்டோபர் பிறந்தால், மாதக் கடைசியில் வரும் ஹாலோவீன் என்ற பேய்த் திருநாளுக்காக வீட்டுக்கு வீடு பேய் ஏறிவிடும். எதிர்வீட்டுச் சேனாபதி, மோட்டாரில் காற்றடைத்து எழும் ராட்சதர்களைக் கடையில் வாங்கி வரிசையாக நிறுத்துவார். ஹம்சாவுக்குக் கடைச்சரக்கில் நம்பிக்கை கிடையாது. தான் வளர்ந்த அம்பத்தூரில், கட்டி முடிக்காத வீடுகளின் மாடியில் பல்லை இளித்துக்கொண்டு தொங்கும் திருஷ்டி பொம்மையைவிடப் பயங்கரமான முகம் உலகத்தில் உண்டா என்பது அவர் கட்சி. அட்டை, பழைய செய்தித்தாள், மைதாப் பசை ஆகியவற்றைக் கொண்டு ஆளுயரத்துக்கு ஒரு தலையைச் செய்தார். முறுக்கு மீசை, கோரைப்பல், கழுத்துக்குக் கீழே தொங்கும் சிவப்பு நாக்கு. பார்த்த சபரிக்கே கொஞ்சம் உதறியது.

மழை வந்தால் என்ன செய்வது? அங்கேதான் வழுக்கி விழுந்தார். டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, சோபாவுக்கு உறை, சூட்கேஸுக்கு உறை என்று வாழ்கிற குடும்பம். பொம்மைக்கும் உறை போட்டுவிட்டார். உள்ளே பசை முழுதாகக் காயும் முன்பே தலை முழுக்கப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, இடுக்கு விடாமல் டேப் ஒட்டினார். வெளியிலிருந்து ஒரு துளி தண்ணீர் உள்ளே போகவில்லை. உள்ளே இருந்த ஈரமும் வெளியே வரவில்லை. வெயில் பட்டு வியர்த்து, பூசணம் பூத்து, பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வரும் நேரம் பார்த்து, திருஷ்டி பொம்மை கழுத்தொடிந்து புல்வெளியில் சாஷ்டாங்கமாக விழுந்தது. தெருவெல்லாம் புளித்த மாவு வாடை.

பத்து வயது மகள் அதிதி தோழிகளோடு அப்போதுதான் அந்தப் பக்கம் வந்தாள்.

"ஹூஸ் ஹவுஸ் இஸ் திஸ்?" என்று ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஐ டோன்ட் நோ," என்றாள் அதிதி. சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

கதவுக்குப் பின்னால் மிட்டாய்க் கிண்ணத்தோடு நின்ற ஹம்சாவின் காதில் அது விழுந்தது. பொம்மை விழுந்ததை அவர் மறுநாளே மறந்துவிட்டார். பெற்ற பெண் சொந்த வீட்டைத் தெரியாது என்றதுதான் வருடம் முழுக்க நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இந்த வருடம் செப்டம்பரிலேயே, சாப்பிடும்போது அதிதி மெல்ல ஆரம்பித்தாள். "அம்மா, கேன் வீ ஜஸ்ட் பை ஒன்?"

"வாங்க வேண்டாம். நான்தான் பண்றேன். ஆனா இந்த தடவை டெஸ்ட் பண்ணாம வெளிய விட மாட்டேன்."

"டபுள் கவர் போட்டுடலாமா?" என்றார் சபரி, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

"கவரே கிடையாது. ரிமோட்டுக்கு வேர்க்காதுங்க. இதுக்கு வேர்க்கும்."

கராஜில் வேலை ஆரம்பமானது. கம்பிவலையைக் கூடாக வளைத்து, அதன்மேல் காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டினார். ஒரு அடுக்கு காய்ந்த பிறகே அடுத்த அடுக்கு. காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தைப் பொம்மையின் கன்னத்தோடு வைப்பார். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறதென்று அர்த்தம். கார் வெளியே நின்றது. ஃபேன் இரவும் பகலும் பொம்மைக்கே சுற்றியது. உச்சந்தலையில் தண்ணீர் தேங்காதபடி கிரீடத்தைக் கூம்பாக்கினார். நன்றாகக் காய்ந்ததும் வெளிச்சுவர் பெயிண்ட், அதற்குமேல் படகுக்குப் பூசும் வார்னிஷ். வெளியே மட்டுமல்ல, உள்ளேயும், யாருமே பார்க்காத அடிப்பக்கத்திலும் பூசினார்.

பிறகு புல்வெளியில் நிறுத்தி, தோட்டக்குழாயைத் திறந்து முகத்தில் பீய்ச்சி அடித்தார். நாய் கூட்டிக்கொண்டு போனவர்கள் நின்று பார்த்தார்கள். உள்ளே கையை விட்டால் பிசுபிசுப்பு. நாக்கை மாட்டிய திருகாணித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தது. வேறு யாராவது என்றால் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். ஹம்சாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிழை அகப்பட்டால் அவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. மறுபடி காயவைத்து, துளையைச் சிலிக்கோன் பசையால் அடைத்து, மறுபடி குழாயைத் திறந்தார். உள்ளே உலர்ந்திருந்தது. அன்றே செங்கல்மேல் தூக்கி வைத்து, நாலு பக்கமும் முளையடித்துக் கட்டினார்.

ஹாலோவீனுக்கு முதல் நாள் காலையில் பிடித்த மழை, காற்றோடு சேர்ந்து மறுநாள் மதியம் வரை ஊரை அலசித் துவைத்தது. வீட்டிலிருந்து வேலை பார்த்த ஹம்சா, மீட்டிங்குக்கு நடுவில் எத்தனை முறை ஜன்னலுக்கு ஓடினார் என்று கேட்காதீர்கள். மழை விட்டபோது சேனாபதியின் ராட்சதர்கள் மோட்டார் நனைந்து, கொடியிலிருந்து விழுந்த துணிபோல் தரையில் கிடந்தார்கள். தெருவில் தலை நிமிர்ந்து நின்றது ஒரே ஒருவர். மீசைகூடக் கலையவில்லை.

சேனாபதி குடையோடு வந்து பொம்மையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது எந்த பிராண்டுங்க ஹம்சா?"

"அம்பத்தூர் பிராண்ட் சார்," என்றார் ஹம்சா. அந்தப் பதிலைச் சொல்லும்போது அவருக்கு இருந்த சந்தோஷம் ப்ரமோஷன் வந்தபோதுகூட இருந்ததில்லை.

மாலையில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சின்னக் குழந்தைகள் அலறின. பெரியவர்கள் பொம்மையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஹம்சா கிண்ணத்தோடு கதவுக்குப் பின்னால் காத்திருந்தார். அதிதியின் குரல் கேட்டதும் கை தானாகத் தாழ்ப்பாளில் நின்றுவிட்டது.

"வாவ், ஹூஸ் ஹவுஸ் இஸ் திஸ்?" புதிதாகச் சேர்ந்த தோழி யாரோ கேட்டாள்.

"மைன்," என்றாள் அதிதி. "மை மாம் மேட் இட். கோ அஹெட், டச் இட். ஈவன் தி இன்சைட் இஸ் ட்ரை."

ஹம்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து, நீட்டிய பைகளிலெல்லாம் கை கொள்ளாமல் மிட்டாயை அள்ளிப் போட்டார்.

அன்று ராத்திரி சபரி வைத்த ரசத்தில் உப்பு தூக்கல். ஹம்சா இரண்டாவது தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.