இரும்பைக் கழற்றிவிட்டுக் காட்டுக்குப் போனோம்

அக்டோபர் கடைசியில் மலேசியாவின் கிளந்தான் உட்காட்டுக்குப் போய் வந்தோம். ஊர் சுற்ற இல்லை, என் தங்கை ஸ்டெல்லாவைப் பினாங்கிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர. குவா மூசாங்குக்கு அப்பால், அறுபது கிலோமீட்டர் மண் சாலையின் முடிவில் உள்ள பள்ளியில் அவள் ஆசிரியை. ஏழு மாதக் கர்ப்பம். முந்தைய மாதம் லேசாக இரத்தம் பட்டிருந்தது. நவம்பர் மழை பிடித்தால் பாதை அடைபட்டுவிடும், அதற்குள் பினாங்குக்கு வந்துவிடுங்கள், ஆனால் உடம்பு குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கணவருக்கு எண்ணெய்க் கப்பலில் வேலை, அப்போது நடுக்கடலில் இருந்தார். ஆக, பொறுப்பு எங்கள் தலையில்.

எங்களிடம் இருப்பது பழைய ஃபோர்வீல் பிக்கப். போன வருடம் கிரீக் என்ற ஊர்ப் பக்கம் மரக்கட்டை குத்தி ரேடியேட்டர் ஓட்டையாகி, இரண்டு நாள் காட்டோரம் கிடந்தோம். என் வீட்டுக்காரர் ரூபனுக்கு அந்தப் பயம் இன்னும் தெளியவில்லை. ஸ்டெல்லா விஷயம் காதில் விழுந்ததும் மனிதர் இரும்பில் இறங்கிவிட்டார். முன்னால் ஸ்டீல் பம்பர், அதில் சேற்றில் சிக்கினால் வண்டியை இழுத்து எடுக்கும் வின்ச் ஒன்று, பின்னாலும் ஸ்டீல் பம்பர், அடியில் இரும்புத் தகடு, கூரையில் கேரியர், அதன்மேல் இரண்டாவது ஸ்பேர் டயர். பட்டர்வொர்த் வொர்க்‌ஷாப்பில் மொத்தம் 8,900 ரிங்கிட் வெள்ளி. வண்டியைப் பார்த்தால் ஏதோ சண்டைக்குக் கிளம்புகிற மாதிரி இருந்தது.

பாகான் டாலாமில் ஒரு பழைய இரும்புக்கடை இருக்கிறது. அங்கே லாரி எடைமேடையில் ஏற்ற ஐந்து வெள்ளிதான் கேட்டார்கள். இரும்பு மாட்டுவதற்கு முன் 2,010 கிலோ, மாட்டிய பின் 2,380. நீங்களும் ஏதாவது மாட்டுவதாக இருந்தால் முன்னும் பின்னும் எடை போட்டுவிடுங்கள். 370 கிலோ ஏறியதில் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து போனது. சரி என்று பின்னால் கனமான ஸ்பிரிங்கும் போட்டார், அது தனியாக 1,600 வெள்ளி.

இதற்குள் செய்தி எங்கள் அன்பியத்தில் பரவிவிட்டது. எங்கள் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி ஜெபிக்கிற குழுவைத்தான் அப்படிச் சொல்வோம். ஒருத்தர் பயணம் கிளம்பினால் வெறும் கையோடு அனுப்பவே மாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரிசி, மைலோ பானப்பொடி, பிஸ்கட் டின், ஸ்டெல்லாவுக்கு முறுக்கும் பூண்டு ஊறுகாயும், பிறக்கப் போகிற பிள்ளைக்கு மூன்று தொட்டில் துணி. எல்லாம் சேர்ந்து 180 கிலோ. அவ்வளவையும் ஏற்றி ஒரு சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். வண்டி கப்பல் மாதிரி போனது. ரூபன் முகத்தில் அப்படி ஒரு பெருமை!

அங்கேதான் ஏமாந்தோம். ஈரம் படுமே என்று மூட்டைகளை வீட்டுக்குள் இறக்கி வைத்திருந்த சமயம், சௌராஸ்டா மார்க்கெட்டுக்கு மீன் வாங்க நான் அதே வண்டியை எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு சின்ன வேகத்தடை. மெதுவாகத்தான் ஏறினேன். முதுகுத்தண்டு தலைவரை வந்து இடித்தது. ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூட்டையெல்லாம் போகும்போதுதான். வரும்போது பின்பக்கம் காலி, அழுத்தச் சுமை இல்லாத ஸ்பிரிங் கல்லு. அந்தக் கல்லின்மேல் ஸ்டெல்லா உட்கார வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ரூபனுக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது.

“இரும்ப கழட்டிட்டு, போன வருஷம் மாதிரி நடுக்காட்டுல நின்னா? புள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு என்னா பண்றது, சொல்லு,” என்றார்.

“இரும்பு வண்டிய காப்பாத்தும்லா. உள்ள உக்காந்திருக்கவள யாரு காப்பாத்தறது?”

அவர் சாவியை எடுத்துக்கொண்டு தனியாக அந்த வேகத்தடைக்குப் போய் வந்தார். மறுநாள் வொர்க்‌ஷாப்பில் எல்லாம் இறங்கியது. பழைய ஸ்பிரிங், பழைய பிளாஸ்டிக் பம்பர் திரும்ப ஏறின. இரும்புத் தகட்டுக்குப் பதில் ரேடியேட்டரையும் இன்ஜினையும் மூடுகிற அலுமினியத் தகடு, 22 கிலோ. அதோடு ஒரு இழுவைக் கயிறு, ஒரு ஸ்பேர் டயர், அவ்வளவுதான். வின்சுக்கு மாற்றாக ஸ்டெல்லாவின் பள்ளியில் வேலை பார்க்கும் ஹலிம் என்ற ஆசிரியரைப் பிடித்தோம். அவர் சனிக்கிழமைகளில் தன் ஃபோர்வீலில் சாமான் வாங்க வெளியே வருவார். உள்ளே போகும்போது கூடவே வருகிறேன், ஞாயிறு நீங்கள் திரும்பும்போது அதற்காகவே மறுபடி வெளியே வருகிறேன் என்றார். இன்னொரு வண்டி கூட வந்தால் வின்சே வேண்டாம் என்பேன்.

சனிக்கிழமை காலை ஐந்துக்கு ஜார்ஜ் டவுனில் கிளம்பி, பாலம் தாண்டி, சிம்பாங் பூலாய் வழியாக மலையேறி, லோஜிங் கடந்து குவா மூசாங் சேர மதியம் பன்னிரண்டு. சுமார் 360 கிலோமீட்டர். வண்டிக்கு எண்ணெயை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், அப்புறம் கிடையாது. மண் சாலை தொடங்கும் இடத்தில் டயர் காற்றை 35 பிஎஸ்ஐ அழுத்தத்திலிருந்து 22-க்கு இறக்கினோம். அதிலேயே பாதிக் குலுக்கல் போய்விடும், காசும் செலவில்லை. உள்ளே நாலரை மணி நேரம். மூட்டைகளைப் பார்த்து ஸ்டெல்லா அழுதாள், பிறகு ஊறுகாயைத் திறந்தாள்.

ஞாயிறு காலை, ஹலிம் வண்டி முன்னால் போக, திரும்பினோம். பின் இருக்கையில் மெத்தை விரித்து அவளை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தேன். சைக்கிள் ஓட்டுகிற வேகம்தான். பாதி வழியில் மரலாரிகள் தோண்டிவிட்ட பள்ளம். முன் சக்கரம் இறங்கியதும் கீழே சடசடவென்று சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது. ரூபன் இறங்கிப் பார்த்தார். அலுமினியத் தகடு நெளிந்திருந்தது, ரேடியேட்டருக்கு ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் பம்பர்தான் பாதி உடைந்து தொங்கியது. அதைக் கயிற்றால் கட்டிவிட்டு, நேராகப் பின் ஜன்னலுக்கு வந்தார்.

“ஸ்டெல்லா, ரொம்ப அடிச்சிருச்சாம்மா?”

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு தலையைத் தூக்கினாள். “என்னா அத்தான், வீடு வந்துருச்சா?”

“இன்னும் இல்லம்மா. தூங்கு,” என்றார். வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. பம்பர் உடைந்ததற்கு யாராவது சந்தோஷத்தில் அழுவார்களா? நாங்கள் அழுதோம்.